பல்கலைக்கழகத்தில் ஊட்டச்சத்து ஆலோசனை பெறுவது எப்படி? வெறுங்கையோடு போய்த் திரும்பிய ஒருவரின் வழிகாட்டி

முதன்முறை ஊட்டச்சத்து ஆலோசனைக்குச் சென்றபோது என் கையில் இருந்தது மாணவர் அடையாள அட்டை மட்டுமே. 45 நிமிடச் சந்திப்பில் பாதி நேரம், "நேற்று என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு?" என்ற கேள்விக்கு நான் விட்டத்தைப் பார்த்து யோசித்ததிலேயே கழிந்தது. ரத்தப் பரிசோதனை அறிக்கை வீட்டில் எந்த அலமாரியிலோ கிடந்தது. விழுங்கிக்கொண்டிருந்த மாத்திரையின் நிறம் நினைவிருந்தது, பெயர் நினைவில்லை. எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மறுபடியும் வரும்படி ஆலோசகர் பக்குவமாகச் சொல்லி அனுப்பினார். அடுத்த நேரம் 5 வாரம் கழித்து, தேர்வுக்கு நடுவில்தான் கிடைத்தது. சந்திப்புக்கு முந்தைய இரண்டு வாரங்களில் என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் சந்திப்பின் பயன் அமைகிறது என்பதை அதன் பிறகே கற்றுக்கொண்டேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் அந்த 5 வாரத்தை இழக்க வேண்டியதில்லை.

1. எந்தக் கதவைத் தட்டுவது என்று தீர்மானியுங்கள்

பல்கலைக்கழகத்தில் உணவு பற்றி ஆலோசனை சொல்பவர்கள் ஒரே அறையில் உட்கார்ந்திருப்பதில்லை. மாணவர் நல மையத்தில் ஒருவர், விடுதி உணவக நிர்வாகத்தில் ஒருவர், விளையாட்டுத் துறையில் ஒருவர் என்று பிரிந்திருப்பார்கள். ஊட்டச்சத்தியல் துறை உள்ள பல்கலைக்கழகங்களில், முதுநிலை மாணவர்கள் பேராசிரியரின் மேற்பார்வையில் நடத்தும் பயிற்சி ஆலோசனை மையமும் இருக்கக்கூடும். அங்கே கட்டணம் குறைவு, நேரம் தாராளம். சிக்கலான நோய் எதுவும் இல்லாதவர்களுக்கு அதுவே போதுமானது என்பது என் கருத்து.

ரத்தசோகை, சர்க்கரை நோய், தைராய்டு, நாள்பட்ட வயிற்றுக் கோளாறு போன்றவை இருந்தால் நல மையத்துக்குச் செல்லுங்கள். உணவு ஒவ்வாமை இருந்தால் விடுதி உணவக நிர்வாகத்தில் உள்ளவரையும் சேர்த்துப் பாருங்கள்; எந்தப் பாத்திரத்தில் எது கலக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும், நல மையத்தில் இருப்பவருக்குத் தெரியாது.

பெயருக்குப் பின்னால் உள்ள பட்டத்தையும் கவனியுங்கள். டயட்டீஷியன் (உணவியல் நிபுணர்) என்ற பட்டத்தைப் பல நாடுகளில் உரிய படிப்பும் மேற்பார்வையிட்ட பயிற்சியும் பதிவும் உள்ளவர்களே பயன்படுத்த முடியும். உணவு ஆலோசகர், ஊட்டச்சத்துப் பயிற்சியாளர் என்ற பெயர்களுக்குப் பல இடங்களில் அப்படிப்பட்ட கட்டுப்பாடு கிடையாது. பதிவு எண்ணைக் கேட்பதற்குத் தயங்காதீர்கள். முறையாகப் பதிவு செய்தவர் அதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார். ஆலோசனை சொல்பவரே பவுடரும் மாத்திரையும் விற்பவராக இருந்தால் வேறு ஆளைத் தேடுவது நல்லது.

2. காத்திருக்கக் கூடாத நிலை எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

சாப்பிட்டதை வேண்டுமென்றே வாந்தியெடுப்பது, சாப்பிடுவதில் கட்டுப்பாட்டை இழந்துவிட்டோமோ என்று அஞ்சுவது, 3 மாதத்துக்குள் 6 கிலோவுக்கு மேல் இளைத்திருப்பது, மற்றவர்கள் ஒல்லி என்று சொன்னாலும் குண்டாக இருப்பதாகவே தோன்றுவது, நாள் முழுவதும் உணவைப் பற்றிய எண்ணமே ஆட்டிப்படைப்பது ஆகியவற்றில் இரண்டு உங்களுக்குப் பொருந்தினால், ஊட்டச்சத்து ஆலோசனைக்கான வரிசையில் நிற்காமல் நேராக மருத்துவரிடம் செல்லுங்கள். மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, மாதவிடாய் நின்றுபோதல் ஆகியவற்றில் ஒன்றே ஒன்று இருந்தாலும் அப்படித்தான். உணவுப் பழக்கக் கோளாறுக்கு மருத்துவர், மனநல ஆலோசகர், டயட்டீஷியன் மூவரும் சேர்ந்து சிகிச்சை தருவதே முறை. முன்பதிவுப் படிவத்தில் இதை ஒரு வரியில் குறிப்பிட்டாலே பல மையங்கள் உங்களை முன்னதாக அழைத்துவிடும்.

3. பருவம் தொடங்கிய முதல் இரண்டு வாரத்துக்குள் முன்பதிவு செய்யுங்கள்

முழுப் பல்கலைக்கழகத்துக்கும் ஒரே ஒரு டயட்டீஷியன் இருப்பது சாதாரணம். பருவத் தொடக்கத்தில் காலியாக இருக்கும் அவருடைய நாட்குறிப்பு, இடைப்பருவத் தேர்வு நெருங்கும்போது நிரம்பிவிடும். ஆகவே பிரச்சினை முற்றட்டும் என்று காத்திருக்காமல், வகுப்பு அட்டவணை கைக்கு வந்த அன்றே நேரம் கேளுங்கள். முதல் சந்திப்பு பெரும்பாலும் 45 முதல் 60 நிமிடம். அடுத்தடுத்த சந்திப்புகள் 20 முதல் 30 நிமிடம். முன்பதிவின்போதே மறுசந்திப்புக்கும் ஒரு நாளைக் குறித்துவையுங்கள். தேவையில்லையென்றால் பிறகு ரத்து செய்துகொள்ளலாம்.

யாராவது ரத்து செய்தால் அழைக்கும் பட்டியல் ஒன்று இருக்கிறதா என்று கேட்டு அதில் பெயர் கொடுங்கள். பின்னர் ஒரு சந்திப்பு எனக்கு அப்படித்தான் 12 நாள் முன்னதாகக் கிடைத்தது. நீங்கள் ரத்து செய்வதாக இருந்தால் எத்தனை மணி நேரத்துக்கு முன் சொல்ல வேண்டும் என்பதையும் கேட்டு வையுங்கள். 24 மணி நேரம் என்பது பொதுவான விதி. முன்கூட்டிச் சொல்லாமல் சந்திப்பைத் தவறவிட்டால் அபராதம் விதிக்கும் இடங்கள் உண்டு.

4. பணத்தைப் பற்றி முன்பே கேளுங்கள்

இலவசம் என்று பலகையில் எழுதியிருப்பது பெரும்பாலும் ஆலோசனைக்கு மட்டும்தான். ரத்தப் பரிசோதனை, மருத்துவரின் பரிந்துரைச் சந்திப்பு, குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேற்பட்ட மறுசந்திப்புகள் ஆகியவற்றுக்குத் தனிக் கட்டணம் இருக்கலாம். மாணவர் நலக் கட்டணத்தில் எத்தனை சந்திப்பு அடங்கும், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு, பரிசோதனைக்கு யார் பணம் கட்டுவது, காப்பீடு ஏற்குமா என்ற நான்கையும் முன்பதிவு செய்யும் அதே தொலைபேசி அழைப்பில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

காப்பீட்டில் இரண்டு பொறிகள் இருக்கின்றன. முதலாவது, மருத்துவர் தரும் பரிந்துரைக் கடிதத்தின் தேதி. சந்திப்பு முடிந்த பிறகு வாங்கிய கடிதத்தைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்காமல் போகலாம். மேலும், "நல்ல உணவுப் பழக்கம் வேண்டும்" என்ற பொதுவான காரணத்தை ஏற்காத காப்பீடு, மருத்துவர் எழுதிய நோயின் பெயர் இருந்தால் ஏற்கக்கூடும். உண்மையில் உங்களுக்கு ரத்தசோகை இருந்தால் அதைக் கடிதத்தில் எழுதச் சொல்லுங்கள். இரண்டாவது பொறியைப் பலர் கவனிப்பதில்லை: பெற்றோரின் காப்பீட்டில் நீங்கள் சேர்ந்திருந்தால், செலவு விவர அறிக்கை அவர்களுடைய முகவரிக்குப் போகக்கூடும். வீட்டுக்குத் தெரியாமல் பார்க்க விரும்பும் விஷயமாக இருந்தால் இதை முன்கூட்டியே விசாரித்து, தேவைப்பட்டால் காப்பீடு இல்லாத வழியைத் தேர்ந்தெடுங்கள்.

5. ஆவணங்களை ஒரே கோப்பில் சேருங்கள்

அடையாள அட்டை, காப்பீட்டு அட்டை, பரிந்துரைக் கடிதம் ஆகிய மூன்றும் வாசலைத் தாண்டுவதற்கு. உள்ளே பயன்படுபவை வேறு.

கடந்த 6 முதல் 12 மாதத்துக்குள் எடுத்த ரத்தப் பரிசோதனை அறிக்கைகளைக் கொண்டுசெல்லுங்கள். அறிக்கை எதுவும் இல்லையென்றால், கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்று 60, 70 பரிசோதனைகள் அடங்கிய தொகுப்பை நீங்களாகவே செய்துகொள்ளாதீர்கள். எது தேவை என்று மருத்துவர் சொன்ன பிறகு செய்தால் போதும். வெறும் வயிற்றுச் சர்க்கரைக்கு 8 மணி நேரமாவது சாப்பிடாமல் இருக்க வேண்டும்; கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனைக்கு அந்தப் பட்டினி தேவையில்லை. ஹீமோகுளோபின் மட்டும் பார்த்துவிட்டு இரும்புச்சத்துக் குறைவு இல்லை என்று முடிவு கட்டவும் கூடாது. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் ஹீமோகுளோபின் கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12 கிராமுக்கும் ஆண்களுக்கு 13 கிராமுக்கும் கீழே இறங்கினால் ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஆனால் அந்த எண் இறங்குவதற்கு முன்பே சேமிப்பிலுள்ள இரும்பு தீர்ந்துபோயிருக்கலாம். அதைக் காட்டுவது ஃபெரிட்டின் பரிசோதனை.

மருந்துகள், வைட்டமின் மாத்திரைகள், புரதப் பவுடர், மூலிகைப் பொடி எதுவாக இருந்தாலும் புட்டியின் முன்புறத்தையும் பின்புறத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முடி வளர்வதற்கென்று விற்கப்படும் மாத்திரைகளில் உள்ள பயோட்டின் என்ற வைட்டமின், தைராய்டு உட்படச் சில ரத்தப் பரிசோதனைகளின் முடிவையே மாற்றிக் காட்டும். அதை விழுங்குகிறீர்கள் என்றால் ரத்தம் கொடுப்பதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, கோதுமை ஒத்துக்கொள்ளவில்லை என்ற சந்தேகத்தில் சந்திப்புக்கு முன்பே அதை நிறுத்திவிடாதீர்கள். கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனை சரியாக இருக்க வேண்டுமானால், குறைந்தது 6 வாரம் தினமும் ஒன்றுக்கு மேற்பட்ட வேளைகளில் குளூட்டன் உள்ள உணவைச் சாப்பிட்டிருக்க வேண்டும். முன்பே நிறுத்தியவருக்கு நோய் இருந்தாலும் இல்லை என்று முடிவு வரக்கூடும். மறுபடியும் 6 வாரம் சாப்பிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொண்டு வர வேண்டியிருக்கும். இரண்டாவது, ஒரு துளி ரத்தத்தில் நூறு உணவுகளுக்குச் சகிப்பின்மை இருக்கிறதா என்று சொல்லும் ஐஜிஜி (ரத்தத்தில் உள்ள ஒரு வகை எதிர்ப்பொருள்) பரிசோதனை. என் கைப்பணம் அதிகம் வீணானது இதில்தான். அந்த அறிக்கையில் எனக்கு ஆகாது என்று சிவப்பில் இருந்த 14 பொருட்களும் நான் அன்றாடம் சாப்பிடுபவை. ஒரு பொருளை அடிக்கடி சாப்பிடுகிறவரின் ரத்தத்தில் அதற்கான ஐஜிஜி இருப்பது இயல்பு என்றும், ஒவ்வாமை மருத்துவ அமைப்புகள் இந்தப் பரிசோதனையைப் பரிந்துரைப்பதில்லை என்றும் டயட்டீஷியன் பிறகு விளக்கினார்.

இவற்றோடு உங்கள் வகுப்பு அட்டவணையையும் விடுதி உணவக நேரங்களையும் ஒரே தாளில் எழுதிக்கொண்டு போங்கள். காலை உணவு 9 மணிக்கு முடிகிறது, ஆய்வக வகுப்பு 8 முதல் 11 வரை என்பது அந்தத் தாளில் பளிச்சென்று தெரியும்போது, "காலை உணவைத் தவிர்க்காதீர்கள்" என்ற பொது அறிவுரை எழுவதற்கு முன்பே அடங்கிவிடும்.

6. மூன்று நாள் உணவுக் குறிப்பை நேர்மையாக எழுதுங்கள்

கோப்பில் உள்ள எல்லாவற்றிலும் மதிப்பு மிக்கது இதுதான், காசு செலவில்லாததும் இதுதான். வகுப்பு உள்ள இரண்டு நாள், விடுமுறை ஒரு நாள் என்று மூன்று நாட்களைத் தேர்ந்தெடுங்கள். சாப்பிட்ட உடனே எழுதிவிடுங்கள். இரவில் உட்கார்ந்து நினைவுபடுத்தி எழுதும் குறிப்பில் கொறித்தவையும் குடித்தவையும் விடுபட்டுப்போகும். நேரம், இடம், என்ன, எவ்வளவு, அப்போது இருந்த பசி, உடன் செய்துகொண்டிருந்த வேலை ஆகியவை இருந்தால் போதும். என் குறிப்பேட்டில் இருந்த ஒரு பதிவு இது:

"செவ்வாய், காலை 11.40. ஆய்வகத்துக்கு வெளியே நின்றுகொண்டே. பிஸ்கட் பாக்கெட்டில் பாதி, 6 பிஸ்கட். காப்பி ஒரு பெரிய கோப்பை, சர்க்கரை 2 கரண்டி. பசி பத்துக்கு எட்டு. எழுந்ததிலிருந்து இதுதான் முதல் உணவு."

இந்த நான்கு வரியைப் படித்துவிட்டு டயட்டீஷியன் கேட்ட கேள்வி பிஸ்கட்டைப் பற்றியது அல்ல. முந்தைய நாள் இரவு எத்தனை மணிக்குத் தூங்கினேன் என்று கேட்டார். மாலை 5 மணிக்கு இன்னொரு பெரிய காப்பி பதிவாகியிருந்தது. காஃபீனில் பாதி உடலை விட்டு நீங்கவே ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும் என்பதால், தூக்கம் தள்ளிப்போய், விழிப்பு தள்ளிப்போய், காலை உணவு தவறிப்போவது ஒரே சங்கிலி என்பதை அந்தக் குறிப்பிலிருந்தே எடுத்துக் காட்டினார். வாய்ப்பேச்சில் நான் இந்தக் காப்பியைச் சொல்லியிருக்கவே மாட்டேன், ஏனென்றால் அதை உணவு என்று நான் எண்ணியதே இல்லை.

அளவை எழுதத் தராசு வேண்டாம். உங்கள் சொந்தத் தட்டு, கோப்பை, கரண்டி மூன்றையும் ஒரு முறை படம் எடுத்து வைத்துக்கொண்டு, "அந்தக் கோப்பையில் ஒன்றரை" என்பது போல எழுதினால் போதும். பொட்டலத்தில் வந்தவற்றின் சத்து விவரப் பட்டியலையும் படம் எடுங்கள். பட்டியலில் உப்புக்குப் பதிலாகச் சோடியம் என்று இருந்தால் அதை 2.5 ஆல் பெருக்கினால் உப்பின் அளவு வரும். நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஒரே பொட்டலத்தில் அதன் பாதி முடிந்துவிடுவதைப் பார்த்து நான் திகைத்திருக்கிறேன். இனிப்புக் குளிர்பானங்களை விட்டுவிடாதீர்கள். கோலா வகைப் பானம் 330 மில்லியில் ஏறத்தாழ 35 கிராம் சர்க்கரை இருக்கும். 2000 கலோரி உண்பவருக்குச் சேர்க்கும் சர்க்கரையின் உச்ச வரம்பே 50 கிராம்தான்.

குறிப்பு எழுதும் மூன்று நாட்களிலும் திருந்திவிடாதீர்கள். ஆசிரியர் வருகிறார் என்று தெரிந்து சுத்தம் செய்த வகுப்பறையைப் போல் இருக்கும் குறிப்பால் யாருக்கும் பயனில்லை. எண்ணுவதும் எழுதுவதும் உங்களுக்குப் பதற்றத்தைக் கூட்டினால் மட்டும் குறிப்பை நிறுத்திவிட்டு, நிறுத்திய காரணத்தை டயட்டீஷியனிடம் சொல்லுங்கள். அதுவும் அவருக்குத் தேவையான தகவல்தான்.

7. சந்திப்பு அன்று

பத்து நிமிடம் முன்னதாகச் சென்றால் படிவங்களுக்குச் சரியாக இருக்கும். உயரமும் எடையும் பார்ப்பார்கள். எடையைப் பார்க்க விரும்பாதவர்கள் தராசுக்கு முதுகு காட்டி நிற்கலாம், எண்ணைச் சொல்ல வேண்டாம் என்றும் கேட்கலாம். உடல் நிறைக் குறியீட்டை (பிஎம்ஐ) கணக்கிட்டால், அந்த எண் தசையையும் கொழுப்பையும் பிரித்துக் காட்டாது என்பதை நினைவில் வையுங்கள். பொதுவாக 25 வரை இயல்பு என்று சொல்லப்பட்டாலும், ஆசிய மக்களுக்கு 23 முதலே கவனம் தேவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு கூறியிருக்கிறது.

அச்சடித்த உணவுத் திட்டம் ஒன்றை நீட்டுவார்கள் என்ற எதிர்பார்ப்போடு போகாதீர்கள். நல்ல சந்திப்பின் முடிவில் உங்கள் கையில் இருக்க வேண்டியவை இரண்டு அல்லது மூன்று மாற்றங்கள் மட்டுமே, அவையும் உங்கள் அட்டவணையில் பொருந்துபவையாக. எனக்குச் சொன்னவை இரண்டு: முந்தைய இரவே எடுத்து வைத்துக்கொண்டு ஆய்வகத்துக்கு முன் சாப்பிடும்படியான ஒரு சிறு உணவு, இரும்பு மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ, காப்பி வேண்டாம் என்பது, ஏனென்றால் அவை தாவர உணவில் உள்ள இரும்பு உடலில் சேர்வதைக் குறைக்கும். பத்து மாற்றங்களை எழுதிக் கொடுத்தால், "முதலில் எந்த இரண்டு?" என்று கேளுங்கள்.

புரதம் எவ்வளவு தேவை என்ற கேள்வியைப் புதியவர்கள் அனைவரும் கேட்பதால் அதற்கு நேரத்தைச் செலவிடாமல் நீங்களே கணக்கிட்டுக்கொண்டு போகலாம். நலமாக உள்ள பெரியவருக்கு உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.83 கிராம்; 60 கிலோ எடையுள்ளவருக்கு ஏறத்தாழ 50 கிராம். கடுமையாக உடற்பயிற்சி செய்பவருக்குக் கூடுதலாக வேண்டும். பால், முட்டை உட்பட விலங்குணவு எதையும் தொடாதவர்கள் பி12 மாத்திரையைப் பற்றி மறக்காமல் கேட்க வேண்டும்.

கையில் பணம் இல்லை, மாதக் கடைசியில் ஒரு வேளைதான் சாப்பிடுகிறேன் என்றால் அதையும் அப்படியே சொல்லுங்கள். சொல்லத்தான் கூச்சமாக இருக்கும். ஆனால் அது தெரியாமல் எழுதப்படும் எந்த ஆலோசனையும் உங்கள் அறைக்கு வந்து சேராது. மாணவர் உணவு வங்கி, அவசர உதவி நிதி, சலுகை உணவுச் சீட்டு ஆகியவற்றில் எது உங்கள் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது, எந்தப் படிவத்தை நிரப்ப வேண்டும் என்பது மையத்தில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

8. விடுதி உணவகத்துக்கான கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள்

ஒவ்வாமையோ நோயோ காரணமாகத் தனி உணவு தேவைப்பட்டால், வாய்மொழியாகச் சமையலறையில் சொன்னது அடுத்த பணிமாற்றத்தோடு மறைந்துபோகும். மருத்துவரோ டயட்டீஷியனோ கையெழுத்திட்ட கடிதத்தில், எந்தப் பொருள் கூடாது, சிறிதளவு கலந்தாலும் ஆபத்தா, எத்தனை மாதத்துக்கு, வேறு பாத்திரம் தேவையா என்பவை தெளிவாக இருக்க வேண்டும். "பத்தியச் சாப்பாடு தேவை" என்ற ஒரு வரிக் கடிதம் என்னோடு தங்கியிருந்தவருக்கு இரண்டு முறை திரும்பி வந்தது. உணவுக் கட்டணத்திலிருந்து விலக்கு கேட்பதானால் அதற்கான கடைசி நாள் பெரும்பாலும் பருவத் தொடக்கத்திலேயே முடிந்துவிடும். முதல் இரண்டு வாரத்துக்குள் முன்பதிவு செய்யச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

9. மறுசந்திப்பும் பதிவுகளும்

மாற்றங்களை இரண்டு வாரம் செய்து பார்த்து, எது நடக்கவில்லை என்பதை ஒரு வரியில் எழுதி வையுங்கள். 3 முதல் 6 வாரத்துக்குள் மறுசந்திப்பு இருந்தால் நல்லது. ரத்தப் பரிசோதனையை மட்டும் அவசரப்பட்டுத் திரும்பச் செய்யாதீர்கள். ஹெச்பிஏ1சி 3 மாதத்துக்கு முன் முழு மாற்றத்தைக் காட்டாது. இரும்புச் சேமிப்பு நிரம்பவும் மாதங்கள் ஆகும், ஹீமோகுளோபின் சரியான பிறகும் மாத்திரையைத் தொடரச் சொல்வது அதனால்தான்.

இரண்டு சந்திப்புக்குப் பிறகும் உங்கள் அட்டவணையையோ பணத்தையோ கணக்கில் எடுக்காத அறிவுரையே வந்தால், ஆளை மாற்றித் தரும்படி வரவேற்பில் கேட்கலாம். காரணம் சொல்லக் கட்டாயமில்லை. படிப்பு முடியும் பருவத்தில், மாணவர் கணக்கு மூடப்படுவதற்கு முன் ஆலோசனைக் குறிப்புகள், பரிசோதனை அறிக்கைகள், பரிந்துரைக் கடிதங்கள் ஆகியவற்றின் நகலை எழுத்து மூலம் கேட்டு வாங்கிவிடுங்கள். எனக்கு நகல் கைக்கு வர 3 வாரம் ஆனது. அடையாள அட்டை செல்லுபடியாகும் கடைசி நாளுக்கு ஒரு மாதம் முன்பே விண்ணப்பியுங்கள்.